டெல்லியில் ஹெபடைடிஸ் சி ஜீனோடைப் பரவலை அளப்பது: ரத்த மாதிரியிலிருந்து அட்டவணை வரை

டெல்லி மருத்துவமனை ஒன்றில் நுண்ணுயிரியலோ குடலியலோ மேற்படிப்புப் படித்துக்கொண்டு, "இந்தப் பகுதி நோயாளிகளிடம் ஹெபடைடிஸ் சி வைரஸின் எந்த ஜீனோடைப் (மரபணு வகை) எவ்வளவு" என்பதைத் தீஸிஸ் தலைப்பாக எடுத்திருப்பவருக்கான குறிப்பு இது. வைராலஜி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் டெக்னீஷியன்களுக்கும் உதவும். பிசிஆரில் (மரபணுத் துண்டைப் பல்கிப் பெருக்கும் முறை) அந்தத் துண்டைப் பிடிக்கும் பிரைமர் எது, எந்த மென்பொருள் என்ற கேள்விகளில்தான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். ஆனால் கடைசியில் அட்டவணையில் வரும் சதவீதத்தைப் பெருமளவு தீர்மானிப்பது யாருடைய ரத்தத்தை எடுத்தீர்கள், எந்த மாதிரிகள் வழியிலேயே விழுந்துவிட்டன என்பதுதான். அதனால் இங்கே அந்த இரண்டுக்கும் அதிக இடம்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை. இந்த வைரஸ் சுமார் 9,600 எழுத்துகள் நீளமுள்ள ஒற்றை இழை ஆர்என்ஏ. இதுவரை 8 ஜீனோடைப்கள் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மரபணு வரிசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் 3ஏ, 3பி, 1ஏ, 1பி என்று துணைவகைகள். இந்தியாவில் முதலிடம் 3-க்கு, அடுத்தது 1. தெற்கே 1-இன் பங்கு வடக்கைவிடக் கூடுதல், 4-ம் அங்கங்கே தென்படும். வடகிழக்கு மாநிலங்களில் 6 உண்டு. 2018-இல் விவரிக்கப்பட்ட 8-ஆவது வகை, பஞ்சாபைப் பூர்வீகமாகக் கொண்டு கனடாவில் வாழ்ந்தவர்களிடம் கண்டறியப்பட்டது. டெல்லியில் வேலை செய்பவருக்கு இந்தப் பட்டியல் முழுவதுமே தேவைப்படும். எல்லா மாநிலத்தாரும் இங்கே வந்துதான் வரிசையில் நிற்கிறார்கள்.

யாருடைய பரவல்?

தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கியது. அதன்படி சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நிலை) இல்லாதவருக்கு சோஃபோஸ்புவிர் 400 மி.கி. உடன் டக்லடாஸ்விர் 60 மி.கி., 12 வாரம். சிரோசிஸ் இருந்தும் கல்லீரல் இன்னும் ஈடுகட்டி வேலை செய்கிறது என்றால் சோஃபோஸ்புவிர்–வெல்படாஸ்விர், 12 வாரம். இரண்டுமே ஜீனோடைப் பார்க்காமல் கொடுக்கப்படும் மருந்துகள். நோயாளிக்கு இது பெரிய நன்மை: ஒரு பரிசோதனைச் செலவும், அதற்கான காத்திருப்பும் மிச்சம்.

ஆய்வாளருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாருக்கும் ஜீனோடைப் பார்ப்பது நின்ற பிறகு, யாருக்கு இன்னும் கேட்கிறார்கள்? ஒருமுறை சிகிச்சை எடுத்தும் வைரஸ் போகாதவருக்கு, கல்லீரல் முற்றிலும் கெட்டுப்போனவருக்கு, மாற்று அறுவைக்குக் காத்திருப்பவருக்கு. ஜீனோடைப் 3 கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும், சிரோசிஸை விரைவுபடுத்தும். 3பி துணைவகை சிகிச்சைக்கு மற்றவற்றைப் போல மசிவதில்லை. ஆசிய நாடுகளில் நடந்து 2019-இல் வெளியான வெல்படாஸ்விர் மூன்றாம் கட்ட ஆய்வில், 3பி-யும் சிரோசிஸும் சேர்ந்திருந்த சிறு குழுவில் பாதிப் பேருக்குத்தான் வைரஸ் நீங்கியது. ஆகவே 2018-க்குப் பிந்தைய மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து ஜீனோடைப் முடிவுகளை அள்ளி எடுத்து அட்டவணை போட்டால், 3-உம் குறிப்பாக 3பி-யும் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரிய வாய்ப்புண்டு. எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே தெரிகிற தவறு இது. தெரிந்தும் செய்யக் கூடாது.

பதிவேட்டை நம்பாமல், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஆர்என்ஏ பாசிட்டிவ் (ரத்தத்தில் வைரஸ் இருப்பது உறுதி) ஆன, இதுவரை சிகிச்சை எடுக்காத, 18 வயது நிறைந்த அனைவரையும் வரிசையாகச் சேருங்கள். ஒருவருக்கு ஒரு மாதிரி மட்டும். "அனைவரும்" என்பதில் கறாராக இருங்கள். திங்கள், வியாழன் மட்டும் எடுத்தால் அன்று எந்த கிளினிக் நடக்கிறதோ அந்த நோயாளிகள்தான் கிடைப்பார்கள். சிகிச்சை தோற்றவர்களைச் சேர்க்க விரும்பினால் தனி அட்டவணை போடுங்கள், இதில் கலக்காதீர்கள்.

ஒரே நபர் இரண்டு முறை எண்ணப்படுவது நீங்கள் நினைப்பதைவிட எளிதாக நடக்கும். ஓபிடி (புறநோயாளிப் பிரிவு) எண் ஒவ்வொரு வருகைக்கும் புதிதாகப் போடும் இடங்கள் உண்டு. 'முருகன்', 'முருகேசன்', 'முர்கன்' என்று தமிழ்ப் பெயரை மூன்று கவுண்டரில் மூன்று விதமாகத் தட்டியிருப்பார்கள். தந்தை பெயர், வயது, கைப்பேசி எண் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு ஒத்துப்போனால் இரு பதிவுகளையும் எடுத்துச் சரிபார்க்கவும்.

எத்தனை பேர் வேண்டும்

ஜீனோடைப் 3 சுமார் 60 சதவீதம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, 5 சதவீதப் புள்ளி கூடக்குறைய, 95 சதவீத நம்பகத்தோடு அளக்க 369 பேர் வேண்டும். 7 புள்ளி போதும் என்றால் 189. இது மரபணு வரிசை கிடைத்த மாதிரிகளின் எண்ணிக்கை. 15 சதவீதம் விழுந்துவிடும் என்று வைத்துக்கொண்டால் 369-க்கு 435 பேரைச் சேர்க்க வேண்டும். தீஸிஸ் காலத்துக்குள் 435 கிடைக்காத துறையில் 189-க்கான கணக்கைப் போட்டு அதை முதலிலேயே எழுதிவிடுவது நேர்மை.

அரிய வகைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 300 பேரில் ஒருவரிடமும் 6 வரவில்லை என்றால், "இங்கே 6 இல்லை" என்று எழுத முடியாது. ஒன்றுகூட வராதபோது, 3 என்ற எண்ணை மாதிரி எண்ணிக்கையால் வகுத்தால் 95 சதவீத நம்பகத்தின் மேலெல்லை ஏறக்குறைய வந்துவிடும்: 3-ஐ 300-ஆல் வகுத்தால் 1 சதவீதம். அதாவது 6-இன் பங்கு 1 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்பதுதான் உங்கள் தரவு சொல்லும் செய்தி.

எந்த ஊர் வைரஸ்?

அட்டையில் உள்ள முகவரியை வைத்து "டெல்லிவாசி" என்று போடுவது இந்த வகை ஆய்வுகளில் அடிக்கடி நடக்கும் பிழை. இந்த வைரஸ் 10, 20 ஆண்டுகள் சத்தமில்லாமல் உடலில் இருக்கும். ஆர்.கே.புரத்தில் 15 ஆண்டாகக் குடியிருப்பவர் 1990-களில் மதுரையில் அறுவை சிகிச்சையின்போது ஏற்றிய ரத்தத்தில் தொற்றியிருக்கலாம். மயூர் விஹாரில் பிறந்து வளர்ந்த பையனுக்கு இங்கேயே ஊசிப் போதையில் வந்திருக்கலாம். இருவரும் தமிழர்கள், இருவருக்கும் டெல்லி முகவரி, ஆனால் வைரஸ் வந்த வழி வேறு வேறு. படிவத்தில் நான்கு கட்டங்கள் தனித்தனியாக வேண்டும்: பிறந்த மாவட்டம், இப்போதைய இருப்பிடம், டெல்லிக்கு வந்த ஆண்டு, தொற்று வர வாய்ப்புள்ள நிகழ்வு ஒவ்வொன்றும் நடந்த ஊரும் ஆண்டும்.

முகவரி கட்டமே பழையதாக இருக்கக்கூடும். தமிழர்கள் அதிகம் வாழ்ந்த ஜங்புராவின் மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டது. தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். அங்கிருந்து வந்தவர்களின் அட்டையில் பழைய முகவரியே இருக்கலாம். தொடர்பு கொள்ளவும் முடிவைச் சொல்லவும் அது உதவாது.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில். இந்திப் படிவத்தைத் திரிலோக்புரியிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பாட்டியிடம் நீட்டினால், "இல்லை, இல்லை" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். தமிழில், பேச்சு வழக்கில் கேளுங்கள்: "அம்மா, பிரசவத்தப்பவோ ஆபரேஷன் அப்பவோ ரத்தம் ஏத்துனாங்களா? எந்த ஊர் ஆஸ்பத்திரி? மூத்த பிள்ளை பிறந்தப்பவா, அடுத்ததுக்கா?" ஆண்டு நினைவில்லாதவருக்குப் பிள்ளைகளின் பிறப்பை வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். இந்தியாவில் தானரத்தத்துக்கு ஹெபடைடிஸ் சி பரிசோதனை 2000-களின் தொடக்கத்தில்தான் கட்டாயமானது. அதனால் அந்த ஆண்டு முக்கியம். "ஊசி போடுவீங்களா" என்று பொதுவாகக் கேட்டால் காய்ச்சலுக்குப் போட்ட ஊசியைச் சொல்வார்கள். கம்பவுண்டரிடம் போட்ட ஊசி, குளுக்கோஸ், பல் பிடுங்கியது, பச்சை குத்தியது, டயாலிசிஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். போதை ஊசியைப் பற்றி மனைவியோ அம்மாவோ பக்கத்தில் இருக்கும்போது கேட்கவே கூடாது. அரியானா, பஞ்சாப், மேற்கு உத்தரப் பிரதேசத்துக்காரர்கள் இந்த நோயைக் 'காலா பீலியா' என்பார்கள். அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் பேச்சு சட்டென்று நகரும்.

தமிழ் நோயாளிகளுக்கு ஒப்புதல் படிவமும் தமிழில் இருக்க வேண்டும். அதை நிறுவனத்தின் நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும்போது ஆய்வுக்குத் தொடர்பில்லாத ஒரு சாட்சி கையெழுத்திடட்டும். "கையெழுத்துப் போடாவிட்டாலும் உங்களுக்கு இலவச மருந்து கிடைக்கும்" என்ற வரியைக் கட்டாயம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மருந்துக்கான கையெழுத்து என்று நினைத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

குழாயிலிருந்து உறைபெட்டி வரை

ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் 4 மி.லி., முடிந்தால் இரண்டு குழாய். பச்சை மூடிக் குழாய் வேண்டாம். அதிலுள்ள ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து) பிசிஆரைத் தடுக்கும். டயாலிசிஸ் நோயாளிகளிடம் இது மறைமுகமாக நுழையும். மெஷினில் போட்ட பிறகு, லைனிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஹெப்பரின் ஏற்கெனவே கலந்திருக்கும். ஈடிடிஏ குழாயில்தானே பிடித்தோம் என்று யாரும் சந்தேகப்படமாட்டார்கள், முடிவு நெகட்டிவ் என்று வரும். ஊசி குத்தியதும், ஹெப்பரின் கொடுப்பதற்கு முன்பே எடுக்கும்படி டயாலிசிஸ் சிஸ்டரிடம் நேரில் சொல்லி வையுங்கள்.

6 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். முழு ரத்தத்தை உறைய வைக்கக் கூடாது. சிவப்பணு உடைந்து வெளிவரும் ஹீமோகுளோபினும் பிசிஆரைக் கெடுக்கும். பிளாஸ்மாவை 500 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று குப்பிகளில் பிரித்து மைனஸ் 70 டிகிரியில் வைக்கவும். ஒரே குப்பியில் மொத்தமாக வைத்தால் ஒவ்வொரு தடவையும் உருக்கி உறைய வைக்க வேண்டியிருக்கும், ஆர்என்ஏ சிதையும். மே, ஜூனில் டெல்லி வெயில் 45 டிகிரியைத் தொடும்போது, மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்குப் போகும் பத்து நிமிடத்துக்குக்கூட ஐஸ் பெட்டி வேண்டும். பெட்டியில் சேகரித்த நேரத்தையும் பிரித்த நேரத்தையும் எழுதும் அட்டை இருக்கட்டும். பின்னால் ஒரு மாதிரி வேலை செய்யாதபோது முதலில் பார்க்க வேண்டியது அந்த அட்டையைத்தான்.

வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) முதலில் பாருங்கள், அதை ஐயூ/மி.லி.-இல் (ஒரு மி.லி.-இல் எத்தனை சர்வதேச அலகு) குறியுங்கள். 1,000-க்குக் கீழே உள்ள மாதிரிகளில் வரிசை கிடைப்பது கடினம். ஆன்டிபாடி (வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதம்) ரியாக்டிவ், ஆர்என்ஏ நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் உடலே வைரஸை விரட்டிவிட்டது என்று பொருள். தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் இப்படித் தப்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஜீனோடைப் கிடைக்காது, ஆய்வில் சேர்க்கவும் வேண்டாம்.

எந்தப் பகுதியைப் படிப்பது

வைரஸ் ஆர்என்ஏ-யின் தொடக்க முனையான 5' யூடிஆர் பகுதி எல்லா வகையிலும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அதனால்தான் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க அது நல்லது. துணைவகை பிரிக்க அதே காரணத்தால் போதாது. தென்கிழக்காசியாவின் சில ஜீனோடைப் 6 வைரஸ்களின் 5' யூடிஆர், ஜீனோடைப் 1-இன் வரிசையிலிருந்து வேறுபடுவதே இல்லை. வடகிழக்கிலிருந்து வரும் ஒருவரின் மாதிரியை அந்தப் பகுதியை மட்டும் வைத்துப் பார்த்தால் 6 என்பது 1பி என்று பதிவாகிவிடும். டெல்லியில் இந்தப் பிழைக்கு இடம் அதிகம். பழைய லைன் புரோப் கிட்டுகள் (வரிசையைப் படிக்காமல், பட்டையில் தெரியும் கோடுகளை வைத்து வகையைச் சொல்பவை) இந்தப் பகுதியை மட்டுமே நம்பியவை. பிந்தைய பதிப்புகள் வைரஸின் உள்ளோட்டுப் புரதத்துக்கான கோர் பகுதியையும் சேர்த்துக்கொண்டன.

கோர், என்எஸ்5பி (வைரஸைப் படியெடுக்கும் நொதிக்கான பகுதி) இரண்டையும் செய்யுங்கள். என்எஸ்5பி-யில் எச்77 என்ற மேற்கோள் வைரஸின் எண்ணிடலின்படி 8,250-லிருந்து 8,650 வரையிலான பகுதி வழக்கமாக எடுக்கப்படுவது. நெஸ்டட் பிசிஆர் (இரண்டு சுற்றுப் பெருக்கம்) தேவைப்படும், அதில் முதல் சுற்றுக் குழாயைத் திறந்து இரண்டாவதுக்கு மாற்றுகிறோம்; கலப்படம் நுழைவது அந்த நேரத்தில்தான். ரீஏஜென்ட் தயாரிக்கும் அறை, ஆர்என்ஏ பிரிக்கும் அறை, பெருக்கிய பொருளைக் கையாளும் அறை மூன்றும் வேறு வேறாக, ஒரே திசையில் மட்டும் நகர வேண்டும். மாலையில் மூன்றாவது அறைக்குப் போனவர் அதே கோட்டோடு அன்று முதல் அறைக்குத் திரும்பக் கூடாது. எட்டு மாதிரிக்கு ஒரு நெகட்டிவ் கன்ட்ரோல் (வைரஸ் இல்லாத மாதிரி), ஆர்என்ஏ பிரிக்கும் கட்டத்திலிருந்தே கூடவே வரட்டும். பிசிஆர் கட்டத்தில் மட்டும் தண்ணீரைக் கன்ட்ரோலாக வைத்தால் அதற்கு முன்பு நடந்த கலப்படம் தெரியாது.

சீக்வென்சிங் (மரபணு வரிசையைப் படிப்பது) இரு திசையிலும். குரோமட்டோகிராமை (ஒவ்வொரு எழுத்தும் ஒரு சிகரமாகத் தெரியும் வரைபடம்) கண்ணால் பாருங்கள். மென்பொருள் கொடுத்த எழுத்தை அப்படியே ஏற்காதீர்கள். ஓரிரு இடங்களில் இரட்டைச் சிகரம் இருந்தால், ஒரே உடலில் வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருவது, இயல்பு. தொடக்கம் முதல் கடைசி வரை இரட்டையாக ஓடினால் இரண்டு வைரஸ்கள் கலந்திருக்கின்றன. அது நோயாளியின் உடலிலா, உங்கள் மேசையிலா என்பதுதான் கேள்வி. இரண்டாவது குப்பியை எடுத்து மறுபடி செய்யுங்கள். திரும்பவும் வந்தால் கலப்புத் தொற்று.

கோர் 2 என்றும் என்எஸ்5பி 1 என்றும் வந்தால் பதற வேண்டாம், உடனே மகிழவும் வேண்டாம். 2கே/1பி என்ற மறுசேர்க்கை வைரஸ் 2002-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து விவரிக்கப்பட்டது, அப்படியொன்று இருக்கலாம்தான். ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது குழாய் மாறியதையே.

வகையைத் தீர்மானிக்க, ஜீனோடுபீனோ இணையதளத்தின் ஹெபடைடிஸ் சி பகுதியில் வரிசையைப் போட்டுப் பாருங்கள். பிறகு ஐசிடிவி (வைரஸ்களை வகைப்படுத்தும் சர்வதேசக் குழு) வெளியிட்டுள்ள மேற்கோள் வரிசைகளோடு சேர்த்து மெகா அல்லது ஐக்யூ-ட்ரீ மென்பொருளில் உறவு மரம் வரையுங்கள். பிளாஸ்ட் என்ற வரிசைத் தேடலில் முதலில் வந்த பெயரைப் பார்த்து முடிவு செய்வது வேண்டாம். ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் யாரோ தவறாகப் பெயரிட்ட வரிசையும் அங்கே முதலாவதாக வரும். மரத்தின் கிளைக்கு 70-க்குக் கீழே பூட்ஸ்ட்ராப் ஆதரவு (தரவை மறுமாதிரி எடுத்து 100 முறை மரம் வரைந்தால் அந்தக் கிளை எத்தனை முறை வருகிறது என்ற எண்) இருந்தால் ஜீனோடைப்பை மட்டும் எழுதி, துணைவகையை விட்டுவிடுங்கள். ஒரே நாளில் செய்த இரண்டு மாதிரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் கலப்படமாக இருக்கலாம், மறுபடி செய்யவும்.

வெவ்வேறு நாளில் செய்தும் ஒரே டயாலிசிஸ் சென்டரைச் சேர்ந்த பலரின் வரிசைகள் மரத்தில் ஒரே கொத்தாக நெருங்கி நின்றால், அங்கே ஒருவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவியிருக்க வாய்ப்புண்டு. தீஸிஸ் முடியும் வரை காத்திருக்காமல் உங்கள் மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் அதை உடனே எடுத்துச் செல்லுங்கள். அங்கே இன்றும் நோயாளிகள் டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கிறார்கள். அட்டவணையில் அந்தக் கொத்தைச் சேர்த்து ஒரு சதவீதம், ஒரே தொற்றாக எண்ணி இன்னொரு சதவீதம் என இரண்டும் கொடுங்கள்.

அட்டவணை

விழுந்த மாதிரிகளை மறைக்காமல் இருப்பதுதான் இங்கே முக்கியம். எடுத்துக்காட்டாக, ஆர்என்ஏ பாசிட்டிவ் 230 பேர், 200 பேருக்கு வரிசை கிடைத்தது, அதில் 130 ஜீனோடைப் 3. 65 சதவீதம் என்று எழுதிவிடலாம். ஆனால் விடுபட்ட 30 பேரில் ஒருவருக்கும் 3 இல்லை என்றால் அது 56.5 சதவீதம், முப்பதும் 3 என்றால் 69.6. இந்த இரண்டு எல்லைகளையும் ஒரு வரியில் கொடுங்கள். கூடவே, விடுபட்டவர்களின் வைரல் லோட், வயது, பிறந்த மாநிலம் மற்றவர்களிலிருந்து வேறுபடுகிறதா என்று பாருங்கள். வடகிழக்கு நோயாளிகளின் மாதிரிகளே அதிகம் விழுகின்றன என்றால் உங்கள் பிரைமர் 6-ஐப் பிடிக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஜீனோடைப் 6 என்று உறுதியான ஒரு மாதிரியைப் பாசிட்டிவ் கன்ட்ரோலாக ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம்பக இடைவெளிக்கு வில்சன் முறையைப் பயன்படுத்துங்கள். 200-இல் 2 பேருக்கு ஜீனோடைப் 4 என்றால், பாடப்புத்தகச் சூத்திரம் கீழெல்லையாகப் பூஜ்யத்துக்கும் கீழே ஓர் எண்ணைக் கொடுக்கும். வில்சன் முறையில் 0.3 முதல் 3.6 சதவீதம் என்று வரும். 200 பேருக்கு "65.00 சதவீதம்" என்று இரண்டு தசமம் போடாதீர்கள், ஒன்று போதும்.

பிறந்த பகுதி, தொற்று வந்திருக்கக்கூடிய வழி, சிரோசிஸ் உண்டா இல்லையா என்ற மூன்றையும் வைத்துப் பிரித்துக் காட்டுங்கள். சிரோசிஸுக்கு எல்லாருக்கும் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) கிடைக்காவிட்டால் ஃபிப்-4 என்ற மதிப்பெண்ணைக் கணக்கிடலாம்: வயதை ஏஎஸ்டி (கல்லீரல் நொதி) அளவால் பெருக்கி, அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையையும் ஏஎல்டி (இன்னொரு கல்லீரல் நொதி) அளவின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரங்களில் போடவும். 1,50,000 என்றால் 150. லட்சக் கணக்கில் 1.5 என்று போட்டு எல்லாரையும் சிரோசிஸ் ஆக்கிவிடுவது எக்செல் தாளில் சர்வ சாதாரணம். 3.25-க்கு மேல் என்றால் கல்லீரலில் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

தலைப்பில் "டெல்லியில் பரவல்" என்று போடாமல், "டெல்லியின் ஒரு மூன்றாம் நிலை மருத்துவமனைக்கு வந்த, சிகிச்சை எடுக்காதவர்களிடம்" என்று போடுங்கள். நீளமாக இருந்தாலும் நீங்கள் அளந்தது அதைத்தான்.

வரிசைகளை ஜென்பேங்கில் சேர்க்கும்போது நாடும் ஆண்டும் கட்டாயம், மாநிலம் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே காலனி, முகாம், டயாலிசிஸ் சென்டர் பெயர் எதுவும் வேண்டாம். போதை ஊசி பயன்படுத்தும் பத்துப் பேர் கொண்ட ஒரு தெருவை அடையாளம் காட்டிவிட்டால், அவர்களில் யாரும் அடுத்த முறை பரிசோதனைக்கு வரமாட்டார்கள். ஜீனோடைப் முடிவை நோயாளியின் கோப்பிலும் சேர்த்துவிடுங்கள். 3பி-யும் சிரோசிஸும் உள்ளவர் என்றால் சிகிச்சை தரும் மருத்துவரிடம் நேரில் சொல்லி, மருந்து முடிந்து 12 வாரம் கழித்துச் செய்யும் ஆர்என்ஏ பரிசோதனைக்கான தேதியை அட்டையில் அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள்.